அருள்மேரி பூட்டிய பிரேக்

செய்தி வந்தபோது என் பட்டறை லேத்தில் ஒரு டிராக்டரின் பிரேக் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. காலை பத்து மணி இருக்கும். அந்தச் சத்தத்தில் போன் பேசினால் ஒன்றும் கேட்காது என்று இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எரிச்சலோடு மோட்டாரை நிறுத்திவிட்டு எடுத்தேன். எங்கள் சைக்கிள் குழுவின் செயலாளர் தனசேகர். கிருமாம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எதையும் கத்தித்தான் பேசுவார். அன்று மெதுவாகப் பேசினார். அருள்மேரி மேடம் போயிட்டாங்க என்றார். எங்கே போனார்கள் என்று கேட்டேன். அதைவிட மடத்தனமான கேள்வியை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாராம். டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வயது நாற்பத்தாறு. முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்களோடு பாகூர் ஏரிவரை சைக்கிள் ஓட்டிவிட்டு, வழியில் நின்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டவர் அவர்.

மறுநாள் வில்லியனூர் மாதா கோயிலில் பூசை முடித்து அடக்கம் செய்தார்கள். கல்லறை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது குழுவைச் சேர்ந்த ஒருவர் சொன்னார். "தங்கமான மனுஷி. அந்த பிரேக் விஷயம் ஒண்ணுதான் சறுக்கிடுச்சி." நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தப் பிரேக் விஷயம் பொய். அதைப் பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று அப்போது நினைத்திருந்தேன். அவரைப் பற்றி நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல குணங்களை எழுதுங்கள் என்றார் தனசேகர். எழுதுகிறேன். ஆனால் அவர் பெயரில் ஒட்டியிருக்கும் அந்தக் கறை யாருடையது என்று சொல்லாமல் அவருடைய நல்ல குணங்களை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

திருமதி அருள்மேரி சேவியர் அரசு மருந்தாளுநர். கணவர் மின்துறையில் வேலை செய்கிறார். பத்து வருடத்துக்கு முன் சர்க்கரை நோய் வராமலிருக்க என்று சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர், இரண்டு வருடத்தில் எங்கள் எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டார். நான் அவரை முதலில் பார்த்தது என் பட்டறையில். ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, இதன் அச்சில் ஆட்டம் இருக்கிறது, ஒரு புஷ் கடைந்து கொடுங்கள் என்றார். ஆட்டம் எவ்வளவு என்று கேட்டேன். அளந்து சொன்னார். லேத்துக்காரனிடம் வந்து அளவைச் சரியாகச் சொல்லும் வாடிக்கையாளரை வருடத்துக்கு ஒருவரைப் பார்த்தால் பெரிது. நான் மைக்ரோமீட்டரை வைத்துச் சரிபார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்கே எனக்கு அவர்மேல் மரியாதையும் கொஞ்சம் பொறாமையும் வந்தன.

விலை உயர்ந்த ரோடு சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. பிரேம் என்கிற சட்டம் ஒன்று இருக்கும். அதில் எதை மாட்டுவது? கியர் கைப்பிடி, பல்சக்கரங்கள், செயின், பிரேக் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி ஒரே தொகுதியாக வருவதைக் குரூப்செட் என்பார்கள். அதில் ஜப்பான்காரன், இத்தாலிக்காரன், அமெரிக்காக்காரன் என்று மூன்று கட்சி. கேபிளில் மாறும் கியர் ஒரு ஜாதி, பேட்டரியில் மாறும் கியர் இன்னொரு ஜாதி. இன்னொரு பக்கம் வீல்கள். அலுமினியமா கார்பனா, ரிம் எவ்வளவு ஆழம் என்று அதற்கு ஒரு தனிச் சண்டை. இரண்டையும் ஒரே நேரத்தில் உசத்தியாக வாங்க நம்மில் யாருக்கும் வழி கிடையாது. ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வில்லியனூரிலிருந்து பாகூர்வரை யார் வாங்கினாலும் கடைசியில் அருள்மேரி அவர்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைச் சைக்கிள் ஓட்டச் சொல்லி, நாற்பது கிலோமீட்டர் உங்கள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எங்கே கியர் மாற்றுகிறீர்கள், எங்கே பிரேக் பிடிக்கிறீர்கள், காற்றடித்தால் என்ன செய்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் பார்ப்பார். முடிந்ததும் வெற்று மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து மூன்று வரி எழுதித் தருவார். எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக் கூடாது, எதில் கவனம் வேண்டும். அவ்வளவுதான்.

ஒருமுறை காலேஜ் வாத்தியார் ஒருவர் பேட்டரி கியர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் பின்னால் பாகூர்வரை போய்வந்த அருள்மேரி, "சார், நாப்பது கிலோமீட்டர்ல நீங்க ஒம்பது தடவ கியர் மாத்துனீங்க. அதுல நாலு தடவ தப்பா மாத்துனீங்க" என்றார். வாத்தியார் முகம் சுண்டிப் போய்விட்டது. சீட்டில் முதல் வரியாக, 'கியர் பழசே போதும், டயர் மாற்றவும்' என்று இருந்தது. அந்த மனிதர் இன்றும் அதே கியரில்தான் ஓட்டுகிறார். இப்போது சரியாக மாற்றுகிறார்.

என் முறையும் வந்தது. எனக்கு ஆழமான கார்பன் வீல்மேல் ஆசை. அது உருளும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே வாங்கலாம் என்று தோன்றும். அருள்மேரி என் பின்னால் கடலூர் ரோடில் வந்தார். கிருமாம்பாக்கத்தில் பஸ்கள் குறுக்கே வரும் இடத்தில் நான் எப்படி நிறுத்தினேன் என்பதையும் பார்த்தார். "அண்ணே, கடைசி நிமிஷத்துலதான் பிரேக்ல கை வைக்கிறீங்க. உங்களுக்கு வீலு வேணாம். நல்ல பிரேக் இருக்கிற குரூப்செட்தான் வேணும்" என்றார். ஊருக்கே பிரேக் டிரம் கடைந்து கொடுக்கிறவனிடம் பிரேக் பற்றிச் சொல்கிறாரே என்று எனக்குச் சுள்ளென்றது. இருந்தாலும் கேட்டேன். எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கோடு குரூப்செட்டை வரவழைத்தேன். இரண்டு ஞாயிறுகள் என் பட்டறையிலேயே உட்கார்ந்து அவரே பூட்டிக் கொடுத்தார். என் சீட்டில் எழுதியிருந்தது இதுதான். 'குரூப்செட் மாற்றவும். வீல் வேண்டாம். டிஸ்க்கில் கை படக் கூடாது.'

குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்தான் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. அதே எண்ணெய் ஒரு சொட்டு வெளியே, சக்கரத்தோடு சுற்றும் தட்டான டிஸ்க்கில் பட்டால் பிரேக் செத்தது. விரல் பிசுக்குகூட ஆகாது. இதை அவர் எனக்கு விளக்கியபோது, எனக்குத் தெரியாதா மேடம் என்று சிரித்தேன்.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று சொல்லத் தேவையில்லை. முதல் நாளே லேத், டிரில்லிங் மெஷின், வைஸ், ஸ்பேனர் என்று ஒன்று விடாமல் துடைத்து எண்ணெய் போட்டு மினுமினு என்று ஆக்கிவிடுவோம். அப்புறம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய். அந்த வருடம் சைக்கிளையும் நடுவில் நிறுத்தினேன். மெஷின்களுக்கு மெஷின் ஆயில். சைக்கிள் உசத்தியாயிற்றே, அதற்குத் தேங்காய் எண்ணெய். துணியில் நனைத்துச் சட்டத்தைத் துடைத்தேன், கிராங்கைத் துடைத்தேன். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் இரண்டு டிஸ்க்கையும் துடைத்தது. பளபளவென்று வந்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. அதன்மேல் சந்தனப் பொட்டும் வைத்தேன், பூஜை முடிந்ததும் அதே துணியால் துடைத்தேன். சீட்டின் மூன்றாவது வரி ஞாபகத்துக்கே வரவில்லை.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் கல்வராயன் மலைக்குப் போனோம். சைக்கிள்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோனதால் வழியில் நான் பிரேக் பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. காலையில் மலை ஏறினோம். ஏறும்போதும் பிரேக் தேவைப்படாது. மேலே டீ குடித்துவிட்டு இறங்கத் தயாரானபோது அருள்மேரி ஒவ்வொருவர் சைக்கிளாகத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். என்னுடையதும் நின்றது. தூக்கிப் பிடித்த சக்கரம் எந்தப் பிரேக்குக்கும் நிற்கும். மேலே எண்பது கிலோ ஆள் உட்கார்ந்து இறக்கத்தில் போகும்போதுதான் உண்மை தெரியும். அவர் சோதிக்காமல் விட்டார் என்று இன்றுவரை சொல்கிறவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்க வேண்டும்.

நான் முன்னால் இறங்கினேன். வழக்கம்போல அவர் எனக்குப் பின்னால் வந்தார். முதல் வளைவு லேசானது. இரண்டாவது வளைவுக்கு முன் பிரேக்கைப் பிடித்தேன். பழைய பஸ் நிற்கும்போது கத்துமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். சத்தம் கூடியதே தவிர வேகம் குறையவில்லை. அப்போது வெயிலில் காய்ந்த தலையெண்ணெய் போல ஒரு வாசனை மூக்கில் ஏறியது. அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. துணியும், கையும், நான் துடைத்த விதமும் கண்முன் வந்தன. அதற்குள் வளைவு வந்துவிட்டது. எப்படித் திரும்பினேன் என்று தெரியாது. ரோட்டின் ஓரத்தில் இருந்த வெள்ளைக் கல்லுக்கும் எனக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. அந்தக் கல்லுக்கு அப்பால் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது.

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "அண்ணே, வுடாதீங்க. ரெண்டையும் புடிச்சிக்கினே இருங்க. மலப்பக்கம் ஒதுங்கி வாங்க."

கீழே எங்கோ பஸ் ஹாரன் கேட்டது. மேலே ஏறி வருகிற பஸ். அந்தப் பாதையில் ஒரு பஸ்ஸும் ஒரு சைக்கிளும் வளைவில் சந்தித்தால் சைக்கிளுக்கு இடம் கிடையாது. என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. என் மனைவி முகம் ஞாபகத்துக்கு வந்தது என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். எதுவுமே ஞாபகத்துக்கு வரவில்லை, வெறும் பயம்தான்.

அருள்மேரி என்னைப் பள்ளத்தின் பக்கமாகத் தாண்டிப் போனார். அவருடையது பழைய கேபிள் கியர், சாதாரண அலுமினிய வீல், ரிம்மைப் பிடிக்கும் பிரேக். அதை வைத்து அவரை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறோம். அவர் அந்த வளைவைத் திரும்பி மறைந்துவிட்டார். நானும் திரும்பியபோது பார்த்த காட்சி கண்ணைவிட்டுப் போகாது. பஸ் நடுரோட்டில் நின்றது. அதன் முன்னால் சைக்கிளைக் குறுக்கே போட்டு, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னையே பார்த்தபடி அருள்மேரி நின்றார். ஒரு கையை உயர்த்தி பஸ்ஸை நிறுத்தியிருந்தார். இன்னொரு கை மலைச் சரிவோரம் ரோடு வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலைக் காட்டியது. நான் அதில் போய் விழுந்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிர் மிஞ்சியது.

பஸ் டிரைவர் இறங்கி வந்து, நடுரோட்டில் நின்றதற்காக அவரைத்தான் திட்டினார். அருள்மேரி என் சைக்கிள் பக்கத்தில் குந்தினார். டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணே போட்டீங்க இதுல?"

"ஒண்ணும் போடலயே" என்றேன்.

அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். தனசேகர் பதறிப்போய், பிரேக் பிடிக்காமல் எப்படிப் போகும், யார் பூட்டியது என்று கேட்டார். வலியில் முனகிக்கொண்டிருந்த நான் அந்தக் கேள்விக்கு மட்டும் தெளிவாகப் பதில் சொன்னேன். "மேடம்தான் பூட்டுனாங்க."

சொன்னது உண்மைதான். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அருள்மேரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மீதி உண்மையையும் நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார் என்று இப்போது புரிகிறது. பிறகு தனசேகர் பக்கம் திரும்பி, "ஆமா, நான்தான் பூட்டுனேன்" என்றார். தன் பையிலிருந்து கட்டுத்துணியை எடுத்து என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். கட்டும்போது வலிக்கிறதா என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

ஏன் மறைத்தேன்? பஸ் முதலாளிகள் என்னை நம்பி டிரம் கொடுக்கிறார்கள். பிரேக் டிஸ்க்குக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தவன் என்று வெளியே தெரிந்தால் எந்த முதலாளி என் பட்டறை வாசலை மிதிப்பான்? வில்லியனூரில் இருந்து கடலூர்வரை சிரித்து நாறடித்துவிடுவார்கள். என் பெயரா அவர் பெயரா என்று வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. அவர் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு அவரிடம் சீட்டு வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் டயர் பற்றிக் கேட்பார்கள், செயின் பற்றிக் கேட்பார்கள், பிரேக் என்றால் வேறு இடம் போனார்கள். வாத்தியார் மட்டும் எதற்கும் அவரிடமே போனார். ஒருவர் அவர் காதுபடவே, மாத்திரை கொடுக்கிற கைக்கு ஸ்பேனர் எதற்கு என்றார். நான் அங்கேதான் இருந்தேன். அருள்மேரி சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அவருக்கு வலிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் என் பட்டறைக்கு வந்தார். கையில் பழைய பேப்பரும் நாலைந்து ரப்பர் பேண்டும். என் சைக்கிளின் இரண்டு டிஸ்க்கிலும் பேப்பரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். "பூஜ முடிஞ்சதும் எடுத்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தெரியும் என்பது அன்றைக்கு உறுதியானது. அதற்கடுத்த வருடமும் வந்தார். மூன்றாவது வருடமும் வந்தார். அந்த மூன்றாவது முறை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "மேடம், அன்னிக்கி மலையில…" என்றேன். அவர் ரப்பர் பேண்டை இரண்டு விரலில் விரித்துப் பிடித்தபடி அப்படியே நின்றார், திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் முதலாளி டிரம்மோடு உள்ளே வந்தார். நான் வாங்க வாங்க என்று அவரிடம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது டிஸ்க்கில் பேப்பர் கட்டியிருந்தது, அவர் இல்லை. அடுத்த ஆயுத பூஜை வருவதற்குள் அந்தச் செய்தி வந்துவிட்டது.

எங்கள் குழுவில் மூன்று பெண்கள் மாநிலப் போட்டிக்குத் தயாராகிறார்கள். அவர்களில் சங்கீதா மணப்பட்டு மீனவர் குடும்பத்துப் பெண், ஒல்லியான உடம்பு, இந்த மூவரில் வேகமானவர். தனசேகரின் வெளிநாட்டு மைத்துனர் அவர்கள் சைக்கிள்களுக்கு ஒரு பெரிய பொருள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். குரூப்செட்டா வீலா, ஏதாவது ஒன்றுதான். தனசேகருக்கு ஆழமான கார்பன் வீல்மேல் கண். போட்டோவில் கம்பீரமாக இருக்கும், நேர் ரோட்டில் வேகமும் வரும். அருள்மேரி மூன்று பேர் பின்னாலும் மூன்று ஞாயிறு ஓட்டிப் பார்த்து, இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். 'குரூப்செட் மாற்றவும், எண்ணெய் பிரேக் அவசியம். ஆழமான வீல் வேண்டாம். மணப்பட்டில் பக்கவாட்டுக் காற்று, பிள்ளைகள் எடை குறைவு.'

முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோயிலை ஒட்டிய கூடத்தில் சாப்பாடு நடந்தது. சேவியர் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒன்றாக இருக்கிறோம், நாளைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும், இப்போதே முடிவு செய்துவிடலாம் என்று தனசேகர் ஆரம்பித்தார். அருள்மேரி எழுதிய சீட்டை எடுத்து வாசித்துவிட்டு மடித்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. தான் நம்பியதைத்தான் பேசினார்.

"மேடம் மேல நமக்கு மரியாத இருக்குது. ஆனா பிரேக் விஷயத்துல அவங்க பேச்சக் கேட்டு ஒரு ஆளு சாவப் பாத்தாரு. வேற யாரும் இல்ல, பலராமன் அண்ணன்தான், இங்க ஒக்காந்துகினுதான் கீறாரு. அவரயே கேளுங்க."

கூடத்தில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் டிரம் கொண்டுவரும் பஸ் முதலாளி ஒருவரும் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சங்கீதா சுவரோரம் நின்றிருந்தார். ஆறு மாதம் கழித்து கடலோர ரோட்டில், ஆழமான வீலைக் காற்று தள்ள, பக்கத்தில் ஒரு பஸ் போக, அந்தப் பெண் சைக்கிளை எப்படி நிமிர்த்துவார் என்று நினைத்துப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினால் போதும், என் பட்டறை பிழைத்துவிடும். கல்லறை வாசலில் அப்படித்தானே ஆட்டினேன். எழுந்து நின்றேன்.

"அந்த டிஸ்க்குக்கு நான்தான் எண்ண போட்டேன். ஆயுத பூஜைக்கு, தேங்கா எண்ண. மேடம் பூட்டுனதுல ஒரு தப்பும் இல்ல. அவங்களுக்கும் தெரியும். நான் வாயத் தொறக்கல, அவங்க என்னயக் காட்டிக் குடுக்கல."

நாலு வருஷமாவா என்று தனசேகர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கையிலிருந்த சீட்டை மறுபடி பிரித்துப் பார்த்தார். சங்கீதா வந்து அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். "அக்கா எழுதுனதயே போடுங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை. தனசேகர் தலையை ஆட்டினார். ஆர்டர் அப்படியே போயிற்று. பஸ் முதலாளி சாப்பிட்ட இலையை மடித்துவிட்டு என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். இதை எழுதும்வரை அவரிடமிருந்து ஒரு டிரம்கூட வரவில்லை.

கை கழுவப் போனேன். குழாயடியில் சேவியர் நின்றிருந்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்வதற்குப் பதில் குழாயைத் திறந்தேன். அவரே பேசினார், கோபமில்லாமல்தான் பேசினார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. மலையிலேர்ந்து வந்ததும் சொன்னா. நான் போயி நாலு பேர் முன்னாடி கேக்கறேன்னேன். வேணாம், அவரே ஒரு நாள் சொல்வாரு, அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காதன்னா. வருஷா வருஷம் பூஜைக்கு முந்துன நாளு உங்க பட்டறைக்குப் போயிட்டு வூட்டுக்கு வருவா. சொன்னாரான்னு கேப்பேன். இன்னும் இல்லன்னு சொல்லுவா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அருள்மேரி அவர்களே, நீங்கள் பூட்டிய பிரேக்கில் எந்தக் குறையும் இருந்ததில்லை. இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மூன்று பூஜைகள் கொடுத்தீர்கள். நான் நீங்கள் இல்லாத கூடத்தில் சொன்னேன். போய் வாருங்கள்.